வீட்டில் கடல் நீர்த் தொட்டி: முதல் ஆறு மாத இழப்புகளும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளும்

நன்னீர்த் தொட்டியில் கப்பி, மோலி, ஏஞ்சல் மீன்களைப் பல ஆண்டுகள் நல்லபடியாக வளர்த்தவர்கள்கூட, கடல் நீர்த் தொட்டி வைத்த சில மாதங்களிலேயே இரண்டு மூன்று மீன்களைப் பறிகொடுத்துவிட்டு, இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று தொட்டியைக் காலி செய்துவிடுகிறார்கள். நானும் அந்த முடிவுக்கு மிக அருகில் போய்த் திரும்பியவன். சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி ஒன்றை ஒரு பிப்ரவரியில் வைத்தேன். பாறையும் மணலும் போக அதில் சுமார் 100 லிட்டர் நீர் நிற்கும். ஜூன் முடிவதற்குள் ஓர் இறால், ஐந்து நத்தைகள், மூன்று மீன்கள் இறந்துபோயின. ஒவ்வொன்றும் ஏன் இறந்தது என்று பிறகு பொறுமையாகத் தேடியபோது, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரு காரணம் இருந்தது தெரிந்தது. அந்தக் காரணங்களையும் அவற்றைக் கண்டுபிடிக்கும் முறைகளையும், நம் ஊர் வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பொருந்தும்படி இங்கே எழுதுகிறேன்.

குடிக்கும் தண்ணீர் தொட்டிக்கு ஆகாது

முதலில் இறந்தது க்ளீனர் இறால். சிவந்த முதுகின் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு ஓடும் அழகான உயிர் அது. காலை பதினொரு மணிக்குத் தொட்டியில் விட்டேன். மாலையில் பாறைக்கு அடியில் மல்லாந்து கிடந்தது, கால்கள் மட்டும் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தன. நள்ளிரவுக்குள் அதுவும் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வாரம் விட்டிருந்த நத்தைகளும் கண்ணாடியில் ஏறாமல் மணலில் கவிழ்ந்து கிடந்து, ஒவ்வொன்றாக நாற்றமெடுத்தன. அதே நீரில் இருந்த இரண்டு கோமாளி மீன்களும் ஒரு குறையும் இல்லாமல் நீந்தித் தீனி தின்றன. மீன்கள் நலமாக இருக்க, இறால், நத்தை, நண்டு போன்ற முதுகெலும்பற்ற உயிர்கள் மட்டும் இறக்குமானால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தாமிரத்தை.

என் தொட்டியில் தாமிரம் வந்த வழியைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. சமையலறையில் இருந்த ஆர்ஓ இயந்திரம், சுத்திகரித்த நீரில் தாமிரச் சத்தைச் சேர்த்துக் கொடுக்கும் வகை. மனிதர்கள் குடிப்பதற்கு அது தீங்கில்லாத அளவுதான். ஆனால் இறாலுக்கும் நத்தைக்கும் அந்த அளவே நஞ்சு. அதைவிட முக்கியமான ஒன்று: தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர் மட்டுமே. குறைந்த நீருக்கு ஈடாக நாள்தோறும் இரண்டு லிட்டர் ஊற்றினால், அந்த இரண்டு லிட்டரில் கரைந்திருப்பவை எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். ஐம்பது நாளில் ஒரு முழுத் தொட்டி அளவு நீரின் கசடு கூடுதலாகச் சேர்ந்திருக்கும். எனவே முதல் நாள் நிரப்பும் நீரைவிட, அன்றாடம் ஈடுகட்ட ஊற்றும் நீரில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

வீட்டு ஆர்ஓ இயந்திரங்களில் இன்னொரு தடங்கலும் உண்டு. சுவைக்காகச் சுத்திகரித்த நீரோடு கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் டிடிஎஸ் கன்ட்ரோலர் பலவற்றில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்குக் கரைந்திருக்கும் பொருள்களின் மில்லிகிராம் அளவு, 1000-க்கு மேல் போகும் பகுதிகளில், அந்தக் கலப்பு வழியாக நைட்ரேட்டும் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் தொட்டிக்குள் வந்துவிடும். கேன் தண்ணீரும் ஒரு நாள் 40, மறுநாள் 120 என்று மாறிக்கொண்டே இருப்பதை அளந்து பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியது இதுதான்: தாமிரமோ தாது உப்போ சேர்க்காத ஆர்ஓ நீரை எடுத்து, அதை, கரைந்திருக்கும் அயனிகளை ஈர்த்துக்கொள்ளும் டிஐ பிசின் நிரப்பிய குழாய் ஒன்றின் வழியாக மெதுவாகச் செலுத்தி, பேனா வடிவ டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும்வரை பார்த்து, அந்த நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மீட்டர் 3, 4 என்று ஏறத் தொடங்கினால் பிசினை மாற்ற வேண்டும். இந்தச் சிறு குழாய்க்குச் செலவிடும் பணம் வேறு எந்தக் கருவிக்குச் செலவிடுவதைவிடவும் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. தாமிரம் ஏறிவிட்ட தொட்டியாக இருந்தால், நீரைப் பகுதி பகுதியாக மாற்றி, தாமிரத்தை ஈர்க்கும் வடிகட்டிப் பஞ்சைப் பம்பின் முன் வைத்து, பரிசோதனையில் தாமிரம் தெரியாமல் போன பிறகும் சில வாரம் காத்திருந்து ஒரே ஒரு நத்தையை விட்டுப் பார்க்க வேண்டும். பாறையும் மணலும் உறிஞ்சிவைத்த தாமிரத்தை மெல்ல மெல்லத் திரும்ப விடக்கூடியவை.

உப்பு

கடல் நீரிலிருந்து எடுத்த கல்லுப்பைக் கரைத்தால் மீண்டும் கடல் நீர் கிடைத்துவிடும் என்று நினைப்பது இயல்பு. தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ மரக்காணத்திலோ உப்பளத்தை ஒருமுறை நின்று பார்த்தவருக்கு அது ஏன் நடக்காது என்று புரியும். பாத்தியில் நீர் வற்றும்போது கால்சியத்தின் பெரும்பகுதி உப்புக்கு முன்பே ஜிப்சமாகப் படிந்து பிரிந்துவிடுகிறது. அதன் பிறகே சோடியம் குளோரைடு விளைகிறது. உப்பை வாரிய பிறகு எஞ்சும் கசப்பான நீரோடு மெக்னீசியமும் பொட்டாசியமும் வெளியே போய்விடுகின்றன. லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியமும் 1300 மில்லிகிராம் மெக்னீசியமும் இயற்கைக் கடல் நீரில் உண்டு. கல்லுப்புக் கரைசலில் இவை மிகக் குறைவு, நீரின் பிஎச் (அமில, கார அளவு) விழாமல் தாங்கும் காரத்தன்மையும் அதில் இல்லை. ஆகவே கடல் தொட்டிக்கென்றே தயாரித்த உப்புக் கலவையை வாங்குவதைத் தவிர வழியில்லை. 100 லிட்டருக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறி மூன்றரை முதல் நான்கு கிலோ வரை தேவைப்படும்.

கலக்கும்போது வாளியில் முதலில் நீரை நிரப்பிப் பம்பை ஓடவிட்டு, பிறகே உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் நீரை ஊற்றினால், அடியில் செறிவு மிகுந்து கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படிந்து வீணாகும். ஒரு நாள் முழுக்கப் பம்பு ஓடிய பிறகு அளக்க வேண்டும்: ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது 25 டிகிரி வெப்பத்தில் ஒப்படர்த்தி 1.026-ஐ ஒட்டி இருப்பதே கடலின் அளவு. ஊசி மிதக்கும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஊசியின் அடியில் ஒரு சிறு காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டாலும் அது ஊசியைத் தூக்கி அதிகமாகக் காட்டும். நான் இரண்டு மாதம் 1.025 என்று நம்பிக்கொண்டிருந்த நீர் உண்மையில் 1.021-தான் இருந்தது. ஒளி விலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதையும் 35 அளவுள்ள திருத்தக் கரைசலை ஒரு சொட்டு விட்டு மாதம் ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள்.

கடற்கரை பக்கத்திலேயே இருக்கும்போது ஏன் உப்பு வாங்க வேண்டும் என்று உறவினர்கள் கேட்பார்கள். மெரினாவின் இரு பக்கமும் கூவமும் அடையாறும் கழிவோடு கடலில் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்புத்தன்மையும் வெகுவாகக் குறைந்துவிடும். முகத்துவாரங்களுக்கு வெகு தூரத்தில், தெளிந்த நாளில் எடுத்த நீரானாலும், அதில் உள்ள நுண்ணுயிர்கள் மூடிய வாளியில் இறந்து அம்மோனியாவை உண்டாக்கும். வடிகட்டி, இருட்டில் இரண்டு வாரம் காற்றோட்டத்துடன் வைத்து, பரிசோதித்துப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தொடக்கக்காரருக்கு அது வேண்டாம். ஏதேனும் தவறினால் காரணத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மீன் இல்லாத ஆறு வாரம்

தொட்டி தெளிவாக இருக்கிறது, உப்பு சரியாக இருக்கிறது, பம்பு ஓடுகிறது, பிறகு ஏன் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் மூன்றாம் நாளே வந்துவிடும். இந்த இடத்தில்தான் மிக அதிகமான மீன்கள் சாகின்றன. மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனி அழுகியும் அது சேர்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகைப் பாக்டீரியாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகையும் வேண்டும். இவை பாறையின் நுண்துளைகளிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை, மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் இவை போதிய அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகிறது.

நன்னீரில் பழகியவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோவதற்கு வேதியியல் காரணம் ஒன்று உண்டு. நீரில் உள்ள அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் கொடிய நஞ்சு. பிஎச் 7 உள்ள நன்னீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அந்த நச்சு வடிவம் இருக்கும். பிஎச் 8.2 உள்ள கடல் நீரில் அது நூற்றில் ஏழெட்டுப் பங்காக உயர்கிறது. வெப்பம் கூடினால் இன்னும் ஏறும். நன்னீர் மீன் எப்படியோ தாங்கிக்கொண்ட அதே அளவில் கடல் மீன் செவுள் வெந்து இறந்துபோவது இதனால்தான்.

தொட்டியைப் பழக்குவதற்கு, முரட்டு மீன், எதையும் தாங்கும் என்று சொல்லி டேம்சல் மீனை விடச் சொல்வார்கள். அது பல நாள் நஞ்சில் தவித்து இறந்துபோகும். பிழைத்தாலோ தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு, பின்னால் வரும் ஒவ்வொரு மீனையும் துரத்திக் கடிக்கும். ஓர் உயிரை வதைத்துத் தொட்டியைத் தயாராக்க வேண்டிய தேவையே இல்லை. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் அம்மோனியம் குளோரைடு கிடைக்கிறது. 100 லிட்டர் நீருக்கு முக்கால் கிராம் அளவு கரைத்தால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும். அது கிடைக்காவிட்டால் மீன் சந்தையில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைத் துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடலாம். நாற்றம் இருக்கும், அளவும் கைவசம் இருக்காது, ஆனால் வேலை நடக்கும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை பரிசோதித்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவர வேண்டும். என் தொட்டியில் பதினோராம் நாள் வரை, பரிசோதனைக் குழாயில் அம்மோனியாவைக் காட்டும் பச்சை நிறம் சிறிதும் வெளுக்கவில்லை. பதினாறாம் நாள் பாதியாகக் குறைந்தது. நைட்ரைட் கருஞ்சிவப்பாக ஏறி, இரண்டு வாரம் அப்படியே நின்றது. முப்பத்தெட்டாம் நாள்தான் இரண்டும் இறங்கின. கடல் நீரில் குளோரைடு மிகுந்திருப்பதால் நைட்ரைட் நன்னீரில் இருப்பதைப் போல் மீனைக் கொல்வதில்லை; இருந்தாலும் அது பரிசோதனையில் தெரியாமல் போகும்வரை தொட்டி பழகவில்லை என்றே கொள்ள வேண்டும். மீண்டும் 2 பிபிஎம் அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0-க்கு வந்தால் மட்டுமே தொட்டி தயார். புட்டியில் விற்கும் பாக்டீரியாவைச் சேர்த்திருந்தாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. அதன் பிறகு நீரில் பாதியை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு மீன் அல்லது ஒரு ஜோடி, அடுத்ததற்கு நான்கு வாரம் என்ற இடைவெளியோடு விடலாம்.

காத்திருக்கும் இந்த வாரங்களில் மணலும் கண்ணாடியும் பழுப்பாக, துரு பூசியதுபோல் மாறும். அது டயட்டம் பாசி. நீரிலும் மணலிலும் உள்ள சிலிகேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானாகவே போய்விடும். இதைக் கண்டு பயந்து மருந்து ஊற்ற வேண்டாம். அடுத்து வரும் பச்சைப் பாசிக்கு விளக்கை எட்டு மணி நேரமாகக் குறைத்து, தீனியைக் குறைத்து, நத்தைகளை விட்டால் போதும். நீரோட்டம் குறைந்த மூலையில் சிவப்புப் போர்வைபோல் படர்வது சயனோபாக்டீரியா. குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டிக்குள் நீரோட்டம் தரும் சிறு பம்பான பவர்ஹெட்டை அந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

கோடை, மின்வெட்டு, ஒரு கோபி மீன்

வெளிநாட்டுக் கையேடுகள் ஹீட்டர் வாங்கச் சொல்கின்றன. சென்னையில் நம் கவலை அதற்கு நேர் எதிரானது. தொட்டிக்கு நல்லது 25 முதல் 27 டிகிரி வரை; மே மாதத்தில் எங்கள் கூடத்துத் தொட்டி, ஒன்றும் செய்யாமல் விட்டால், 32 டிகிரியைத் தொட்டது. வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக நிற்கும் ஆக்சிஜன், கடல் நீரில் 6.7 மில்லிகிராம் அளவே நிற்கும். 32 டிகிரியில் அது 6 மில்லிகிராமாகக் குறையும். அதே வேளையில் வெப்பத்தால் மீனின் தேவை கூடுகிறது. இந்த நிலையில் பம்பு நின்றால் என்ன ஆகும் என்பதை ஒரு மே மாத இரவில் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு மின்சாரம் போயிருக்கிறது. நாங்கள் விழித்தபோது ஆறு மணி. கோமாளி மீன்கள் இரண்டும் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மஞ்சள் கோபி மீன் மட்டும் தன் பொந்தை விட்டு வெளியே வரவில்லை. விளக்கடித்துப் பார்த்தபோது, வழக்கமாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அதே பாறை விளிம்பில், வாய் திறந்தபடி, நிறம் வெளுத்து இறந்திருந்தது. மேல்மட்டத்துக்கு வரத் தெரியாத, அடியிலேயே ஒளிந்து வாழும் மீன் அது. தேங்கிய நீரில் அடிப்பகுதியில்தான் ஆக்சிஜன் முதலில் தீர்கிறது.

அன்றே செய்திருக்க வேண்டியவை இவை. மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்பு ஒன்றைத் தொட்டியோடு இணைத்து வைப்பது முதல் வேலை. இன்வெர்ட்டர் இருந்தால் பத்து வாட் பவர்ஹெட்டை மட்டுமாவது அதோடு இணைக்கலாம். விளக்கும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் சில மணி நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது. இரண்டும் இல்லாத நாளில், ஒரு சொம்பால் நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தால்கூட மீன்களைக் காப்பாற்றிவிடலாம். எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ எடுங்கள், செப்புச் சொம்பைத் தொடாதீர்கள்.

வெப்பத்தைக் குறைக்க, நீர்ப்பரப்பின்மேல் வீசும்படி சிறு விசிறி ஒன்றை வைப்பதே எளிய வழி. அது இரண்டு மூன்று டிகிரி இறக்கும்; கடற்காற்று ஈரமாக வீசும் நாட்களில் அவ்வளவு இறங்காது. விளக்கைப் பகலில் அணைத்து மாலையில் போடுவதும், தொட்டியை மேற்கு வெயில் படும் சுவரிலிருந்து நகர்த்துவதும் உதவும். இதற்கும் போதாத வீடுகளில் நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் தேவை. அது தொட்டியின் சூட்டை எடுத்து அறையில்தான் விடும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

விசிறி வைத்ததும் நீர் ஆவியாவது இரட்டிப்பாகும். இங்கேதான் தொடக்கக்காரர்களின் இன்னொரு தவறு நடக்கிறது: குறைந்ததற்கு ஈடாக உப்பு நீரை ஊற்றுகிறார்கள். உப்பு ஆவியாவதில்லை, உப்பு நீர் ஊற்ற ஊற்றச் செறிவு ஏறிக்கொண்டே போகும். ஈடுகட்ட வேண்டியது டிடிஎஸ் 0 உள்ள உப்பில்லாத நீரால். கண்ணாடியில் ஒரு கோடு வரைந்து, தினமும் காலையில் அந்தக் கோடு வரை ஊற்றினாலே போதும். வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் மிதவை வைத்த தானியங்கி முறைக்கு மாறுவது நல்லது.

வெண்புள்ளி நோய்: மறைந்ததும் குணமானதாக நினைக்க வேண்டாம்

மற்ற இரண்டு மீன்களை இழந்தது என் அவசரத்தால். கோபி இறந்த இடத்தை நிரப்ப, ஜூன் மாதத்தில் புதிய மீன் ஒன்றை வாங்கி நேராகத் தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் அதன் துடுப்பில் தூள் உப்பைத் தூவியதுபோல் நான்கு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. உடம்பைப் பாறையில் உரசிக்கொண்டது. எட்டாம் நாள் புள்ளிகள் எல்லாம் மறைந்தன, நானும் மகிழ்ந்தேன். பதினெட்டாம் நாள் மூன்று மீன்களின் மீதும் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள் வந்து, புதிய மீனும் கோமாளி மீன்களில் சிறியதும் ஒரே வாரத்தில் இறந்தன.

கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்றைத் தெரிந்துகொண்டால் இது ஏன் நடந்தது என்பது விளங்கும். மீனின் தோலுக்கடியில் அது மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று வளர்கிறது. அதுதான் நமக்குப் புள்ளியாகத் தெரிவது. பிறகு மீனை விட்டு உதிர்ந்து மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பிரிந்து பெருகுகிறது. புள்ளி மறைவது இந்தக் கட்டத்தில். கூட்டிலிருந்து வெளியே வரும் குஞ்சுகள் மீண்டும் மீனைத் தேடி ஒட்டுகின்றன. பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் வெடித்தாலும், சில பத்து வாரம் வரை காத்திருக்கக்கூடியவை. அதனால்தான் தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் வைக்கச் சொல்கிறார்கள்.

நோய் வந்துவிட்டால் எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி, அங்கே தாமிர மருந்தை அதன் உறையில் குறித்த அளவில், தாமிரப் பரிசோதனையோடு கொடுக்க வேண்டும். முதன்மைத் தொட்டியில் தாமிரத்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அது இறாலுக்கும் நத்தைக்கும் என்ன செய்யும் என்பதை முன்பே சொன்னேன். பூண்டுச் சாறும் மஞ்சளும் இந்த ஒட்டுண்ணியை ஒழித்து நான் பார்த்ததில்லை. புள்ளிகள் உப்புக் கல் அளவில் இல்லாமல் பொன்னிறத் தூசிபோல் மிக நுண்ணியதாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால், அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அது சில நாட்களிலேயே கொன்றுவிடும் என்பதால் அன்றே தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் தவிர்க்கும் தனித் தொட்டிக்குப் பெரிய செலவில்லை. நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, முதன்மைத் தொட்டியில் சில வாரம் போட்டுப் பழக்கிய ஸ்பஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். மணலும் பாறையும் மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் அவை வேண்டாம். புதிய மீன் எதுவானாலும் அங்கே குறைந்தது நான்கு வாரம் இருந்து, நன்றாகத் தின்று, புள்ளியோ உரசலோ இல்லாமல் இருந்த பிறகே கூடத்துத் தொட்டிக்கு வர வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பையைத் திறக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நெடுநேரம் மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு நீரின் பிஎச்சைக் குறைத்திருக்கும். அதனால் சேர்ந்திருக்கும் அம்மோனியாவும் அவ்வளவாகத் தீங்கு செய்யாது. பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறிப் பிஎச் ஏறும், அம்மோனியா நச்சு வடிவத்துக்கு மாறும். ஆகவே வெளியூரிலிருந்து பல மணி நேரம் பயணப்பட்டு வந்த மீனைத் திறந்த பையில் வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக்கொண்டிருப்பது தீங்கு. தனித் தொட்டியின் உப்புத்தன்மையைப் பையின் அளவுக்கு முன்பே பொருத்தி வைத்து, மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்ததும் மீனை வலையால் எடுத்து விட்டுவிட வேண்டும். அருகிலிருக்கும் கடையிலிருந்து வந்த இறாலுக்கு மட்டும் சொட்டு முறை பொருந்தும்.

எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

இரண்டடித் தொட்டிக்கு ஒரு ஜோடி கோமாளி மீனும் ஒரு கோபியும் நிறைவு. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலும் கேரளத்து விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையங்கள் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. பண்ணையில் பிறந்த மீனா என்று கேட்டு வாங்குங்கள். அது உருண்டைத் தீனியைத் தின்னப் பழகியிருக்கும், அதற்காகக் கடலிலிருந்து ஒரு மீனும் குறையாது. நீல டேங் முப்பது சென்டிமீட்டர் வரை வளரும். மாண்டரின் மீன் நுண்ணிய ஓட்டுயிர்களை நாள் முழுதும் தேடித் தின்பதால் புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். அனிமோன் என்கிற கடற்சாமந்தி தொட்டி ஓராண்டாவது நிலைபெற்ற பிறகே வர வேண்டும். கோமாளி மீன் அது இல்லாமலும் நலமாக வாழும்.

மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த உயிர்ப் பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை), பவளம், கடற்குதிரை என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள், விசிறிப் பவளங்கள், கடற்குதிரைகள், கடலட்டைகள் ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை வைத்திருப்பதே குற்றம். 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்ததே அந்தப் பவளங்களைக் காப்பாற்றத்தான். நாம் கூடத்தில் வைத்து ரசிக்க அங்கிருந்து பெயர்த்தெடுத்த ஒரு கல் திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். நுண்துளைகள் நிறைந்த செயற்கைப் பாறை பாக்டீரியாவுக்கு அதே வீட்டைத் தருகிறது.

வீட்டுக்குள் இருக்கும் வேறு இரண்டு ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும். கொசுவத்தியிலும் செருகி வைக்கும் கொசு விரட்டியிலும் இருக்கும் பைரெத்ராய்டு, மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடிய நஞ்சு. ஏர் பம்பு அறைக்காற்றைத்தான் உறிஞ்சி நீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசு வலையே சரி. அடுத்தது மின்சாரம். தெறிக்கும் உப்பு நீர் காய்ந்து வெண்மையாகப் பிளக்கின் மேல் படியும், ஈரக்காற்றில் மின்சாரத்தைக் கடத்தும். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பொருத்துங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறும்படி விடுங்கள், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டியில் கையை விடும்முன் சுவிட்சை அணையுங்கள்.

ஒரு மீன் இறந்து கிடப்பதைக் கண்டால், முதலில் உடலை வெளியே எடுத்து, மற்ற மீன்களின் மூச்சு வேகத்தைப் பார்த்து, வெப்பம், உப்புத்தன்மை, அம்மோனியா ஆகிய மூன்றையும் அந்த வரிசையிலேயே அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும், எதுவும் தவறாமல் மற்ற மீன்கள் மட்டும் திணறினாலும், நீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றுங்கள். அதற்காக இருபது லிட்டர் உப்பு நீரைக் கலந்து, மூடி போட்ட வாளியில், பம்போடு எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். உப்பைக் கலந்து சரியாக்க ஒரு நாள் ஆகும், திணறும் மீனுக்கு அந்த ஒரு நாள் கிடையாது. காரணம் தெரியும்வரை புதிய மீன் வாங்க வேண்டாம். நான் ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஒற்றைக் கோமாளி மீனோடு காத்திருந்தேன். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே பிறந்து, கூட்டத்தில் பெரியதே பெண்ணாக மாறுபவை. ஆகவே துணைக்கு அதைவிடச் சிறிய பண்ணை மீன் ஒன்றை வாங்கி, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துவிட்டு, கார்த்திகையில் ஒரு மாலை நேரத்தில் விளக்கை அணைத்த பிறகு விட்டேன். இரண்டு நாள் துரத்தல் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் இரண்டும் பவர்ஹெட்டுக்குப் பின்னால் இருக்கும் அதே மூலையில் பக்கம் பக்கமாக நின்றிருந்தன.